லெபனானில் மதவாரி அதிகாரப் பங்கீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெபனானில் அரசு கவிழ்ந்தாலும் சரி, ஜனாதிபதி நாற்காலி காலியாகக் கிடந்தாலும் சரி, கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை. முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தப் பதிலில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. ஜனாதிபதி கிறிஸ்தவர், பிரதமர் முஸ்லிம்னு சட்டத்துலயே எழுதியிருக்கா?

இல்லை. அரசியல் சாசனத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் அப்படி ஒரு வரி கிடைக்காது. 1943-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெற்றபோது, மரோனைட் கிறிஸ்தவரான பிஷாரா அல் கூரியும் சுன்னி முஸ்லிமான ரியாத் அல் ஸுல்ஹும் வாய்மொழியாகச் செய்துகொண்ட உடன்பாடு அது. தேசிய ஒப்பந்தம் என்று பெயர். கிறிஸ்தவர்கள் பிரான்ஸின் பாதுகாப்பைத் தேடிப் போகக் கூடாது. முஸ்லிம்கள் சிரியாவோடோ வேறொரு அரபு நாட்டோடோ லெபனானை இணைக்கக் கேட்கக் கூடாது. இதுதான் அதன் சாரம்.

ஜனாதிபதி மரோனைட், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்ற வழக்கம் இதிலிருந்துதான் உறுதிப்பட்டது. எழுதி வைக்காத விதி என்பதால், ஒருசில விதிவிலக்குகள் தவிர யாரும் மீறியதில்லை. எழுதி வைத்திருந்தால் திருத்தச் சொல்லியாவது ஒரு மசோதா வந்திருக்கும்.

2. 18 பிரிவுன்னு சொல்றாங்களே, யார் யார் அது?

அரசு அங்கீகரித்த பிரிவுகள் 18. கிறிஸ்தவர்களில் 12: மரோனைட், கிரேக்க ஆர்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்கர், ஆர்மீனிய ஆர்தடாக்ஸ், ஆர்மீனியக் கத்தோலிக்கர், சிரியாக் ஆர்தடாக்ஸ், சிரியாக் கத்தோலிக்கர், அசிரியர், கல்தேயர், லத்தீன் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், காப்டிக். முஸ்லிம் பக்கம் ஐந்து: சுன்னி, ஷியா, துரூஸ், அலவி, இஸ்மாயிலி. மீதி ஒன்று யூதர்.

அரசியலில் எடை உள்ளவை மரோனைட், சுன்னி, ஷியா மூன்றும்தான். துரூஸ்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் மலைப் பகுதியில் ஒன்றாகத் திரண்டு வாழ்வதால் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

3. நாடாளுமன்றத்துல யாருக்கு எத்தனை இடம்?

மொத்தம் 128. கிறிஸ்தவர்களுக்கு 64, முஸ்லிம்களுக்கு 64. பிரிவுவாரியாகப் பார்த்தால் மரோனைட் 34, கிரேக்க ஆர்தடாக்ஸ் 14, கிரேக்கக் கத்தோலிக்கர் 8, ஆர்மீனிய ஆர்தடாக்ஸ் 5. ஆர்மீனியக் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், இதர சிறு கிறிஸ்தவப் பிரிவுகள் ஆகியோருக்கு ஆளுக்கு ஒன்று. மறுபக்கம் சுன்னி 27, ஷியா 27, துரூஸ் 8, அலவி 2.

பதவிகளைப் போல இல்லாமல் இது சட்டமாகவே இருக்கிறது. சரிபாதி என்பது சாசனத்தின் 24-வது பிரிவு. உள்பங்கீடு தேர்தல் சட்டத்தில் வருகிறது. 1990-க்கு முன் ஆறுக்கு ஐந்து என்று கிறிஸ்தவர்களுக்குச் சாதகமான விகிதம். அதனால்தான் பழைய நாடாளுமன்றங்களின் இட எண்ணிக்கை 44, 55, 66, 77, 99 என்று எப்போதும் 11-ன் மடங்காகவே வரும்.

4. 1932-க்கு அப்புறம் மக்கள் தொகைக் கணக்கே எடுக்கலையாமே?

உண்மைதான். பிரெஞ்சு ஆட்சியில் எடுத்த அந்தக் கணக்கில் கிறிஸ்தவர்கள் சற்றே அதிகம் என்று வந்தது. வெளிநாடு போனவர்களைச் சேர்த்துக்கொண்டது பற்றி அப்போதே தகராறு இருந்தது. ஆறுக்கு ஐந்து என்ற விகிதம் அந்த எண்ணிக்கையின் மேல் நின்றது. புதிதாக எண்ணினால் யாருக்குக் குறையுமோ அவர்கள் ஒப்பமாட்டார்கள். ஒப்பாமல் எண்ணினால் சண்டை. ஆகவே எண்ணுவதே இல்லை.

இதன் விளைவு பாலஸ்தீன அகதிகள்வரை நீள்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சுன்னிகள். அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் விகிதம் மாறிவிடும் என்பதால், அவர்களை நிரந்தரமாகக் குடியமர்த்தக் கூடாது என்று சாசனத்தின் முகவுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். லெபனான் பெண் வெளிநாட்டவரை மணந்தால் பிள்ளைகளுக்குத் தன் குடியுரிமையைக் கொடுக்க முடியாது, ஆண் கொடுக்கலாம். 1925-ல் போட்ட சட்டம் இது. மாற்றக் கோரும்போதெல்லாம் இதே எண்ணிக்கைப் பயத்தைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள்.

5. அப்போ ஷியாக்கள் ஷியா வேட்பாளருக்குத்தான் ஓட்டுப் போடணுமா?

இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. நம் ஊர்த் தனித்தொகுதியை நினைத்துக்கொள்ளுங்கள்: நிற்பவர் குறிப்பிட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஓட்டுப் போடுவது தொகுதியில் எல்லோரும். லெபனானிலும் அப்படித்தான். ஷியா இடத்துக்கு நிற்பவருக்கு மரோனைட் ஓட்டும் விழும். மரோனைட் இடத்தை ஷியா ஓட்டுகள் முடிவு செய்யும் தொகுதிகளும் உண்டு. "எங்கள் பிரதிநிதியை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று கிறிஸ்தவக் கட்சிகள் பல ஆண்டுகள் புலம்பியதன் காரணம் இதுவே.

இன்னொன்று: வசிக்கும் ஊரில் ஓட்டுக் கிடையாது. குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான். பெய்ரூட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் தேர்தல் அன்று தாத்தாவின் கிராமத்துக்குப் போக வேண்டும். கல்யாணமான பெண்ணின் பதிவு கணவர் ஊருக்கு மாறிவிடும். ஊர்ப்பக்கம் இருக்கும் குடும்பத் தலைவர்களின் பிடி தளராமல் இருப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

6. வெறும் 77 ஓட்டு வாங்கினவர் எம்.பி. ஆனார்னு படிச்சேன். எப்படிங்க?

2018-ல், ஸஹ்லே தொகுதியில், ஆர்மீனிய ஆர்தடாக்ஸ் இடத்துக்கு நடந்தது அது. 2017-ல் வந்த 44-ம் எண் தேர்தல் சட்டம் நாட்டை 15 தொகுதிகளாகப் பிரித்தது. வாக்காளர் ஒரு பட்டியலுக்கு ஓட்டுப் போடுகிறார். அந்தப் பட்டியலுக்குள் ஒருவருக்கு மட்டும் விருப்ப வாக்கு. எண்ணிக்கை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் மொத்த ஓட்டை இடங்களால் வகுத்து, அந்த ஈவைத் தொடாத பட்டியல்களைக் கழித்துவிட்டு, மிச்சப் பட்டியல்களுக்கு விகிதப்படி இடம் ஒதுக்குவார்கள். ஸஹ்லேயில் ஏழு இடங்களும் மூன்று பட்டியல்களுக்கு 3, 2, 2 என்று பிரிந்தன.

அடுத்து எல்லாப் பட்டியல் வேட்பாளர்களையும் விருப்ப வாக்கு விகிதப்படி ஒரே வரிசையில் நிறுத்தி, மேலிருந்து இடம் கொடுத்துக்கொண்டே வருவார்கள். ஸஹ்லேயின் ஏழு இடங்கள்: கிரேக்கக் கத்தோலிக்கர் 2, மரோனைட், கிரேக்க ஆர்தடாக்ஸ், ஆர்மீனிய ஆர்தடாக்ஸ், சுன்னி, ஷியா தலா 1. ஒரு பிரிவின் இடம் நிரம்பினால் அந்தப் பிரிவின் மற்றவர்கள் அவுட். ஒரு பட்டியலின் பங்கு தீர்ந்தால் அந்தப் பட்டியலின் மற்றவர்கள் அவுட். இப்படியே வந்தால் கடைசியில் ஒரு பிரிவின் இடமும் ஒரு பட்டியலின் பங்கும் மட்டுமே மிஞ்சும். மிஞ்சியது ஆர்மீனிய இடம். பங்கு மிச்சமிருந்த பட்டியலில் இருந்த ஆர்மீனியருக்கு விழுந்திருந்தது 77 ஓட்டு. அவரைவிடப் பல மடங்கு வாங்கிய ஆர்மீனிய வேட்பாளர் வேறு பட்டியலில் இருந்ததால் வீட்டுக்குப் போனார்.

கணக்கில் தவறு எதுவும் இல்லை. மத ஒதுக்கீடு, விகிதாசாரம் இரண்டையும் சிறிய தொகுதிக்குள் ஒன்றாகத் திணித்தால் வேறெப்படியும் வராது.

7. தாயிஃப் ஒப்பந்தம்னு அடிக்கடி வருதே, அதுல என்னதான் மாறிச்சு?

1975-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரை முடிக்க 1989 அக்டோபரில் சவூதியின் தாயிஃப் நகரில் செய்த ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்கள் 1972-ல் தேர்வான எம்.பி.க்கள், போரால் தேர்தலே நடக்கவில்லை என்பதால் அவர்களே தொடர்ந்தார்கள். 1990 செப்டம்பரில் அது சாசனத் திருத்தமாக நிறைவேறியது.

விகிதம் சரிபாதியானதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் ஜனாதிபதியின் அதிகாரம் போனது. முன்பு நிர்வாக அதிகாரம் அவர் கையில். பிரதமரையும் அமைச்சர்களையும் அவரே நியமிப்பார், நீக்குவார். தாயிஃப் அந்த அதிகாரத்தை அமைச்சரவை என்ற குழுவுக்கு மாற்றியது. பிரதமராக யாரை அழைப்பது என்பதில் எம்.பி.க்களின் கருத்து ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும். சபாநாயகரின் பதவிக்காலம் ஓராண்டிலிருந்து நான்காண்டானது. நபீஹ் பெர்ரி 1992-லிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். ஒருவரிடம் இருந்த சாவியை மூவருக்குக் கொடுத்தார்கள். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் யார் முடிவெடுப்பது என்பதை மட்டும் எழுதவில்லை.

8. ஒரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ரெண்டு வருஷத்துக்கு மேல ஏன் ஆகுது?

எண்களைப் பாருங்கள். ஜனாதிபதியை எம்.பி.க்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 86 ஓட்டு வேண்டும். அடுத்த சுற்றுகளில் பாதிக்கு மேல், அதாவது 65 போதும். இதோடு நின்றிருந்தால் பிரச்சினை ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் எந்தச் சுற்றானாலும் அவையில் 86 பேர் இருந்தாக வேண்டும் என்பது நடைமுறை. சாசனத்தின் 49-வது பிரிவு கோரம் (அவையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) பற்றி வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. நடைமுறை மட்டும் நிலைத்துவிட்டது. ஆக, 43 பேர் வராமல் இருந்தால் போதும், தேர்தலே இல்லை.

வேலை இப்படி நடக்கும்: முதல் சுற்றுக்கு வருவார்கள், வெற்றுச் சீட்டைப் போடுவார்கள், இரண்டாம் சுற்று தொடங்கும் முன் எழுந்து போய்விடுவார்கள். கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு. 2014 மே முதல் 2016 அக்டோபர் இறுதிவரை நாற்காலி காலி. 46-வது கூட்டத்தில்தான் மிஷேல் அவுன் தேர்வானார். அவர் 2022 அக்டோபர் இறுதியில் போனதும் மறுபடி காலி. 2023 ஜூன் 14 கூட்டத்தில் ஒருவருக்கு 59, இன்னொருவருக்கு 51. இரண்டாம் சுற்றுக்குமுன் வெளிநடப்பு.

2025 ஜனவரி 9-ல் ராணுவத் தளபதி ஜோசப் அவுன் முதல் சுற்றில் 71 பெற்றார்; சில மணி நேர இடைவேளைக்குப் பின் 99. இரண்டாம் சுற்றில் 65 போதுமே, ஏன் 86-ஐத் தாண்டக் காத்திருந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பணியில் இருக்கும் தளபதியைத் தேர்ந்தெடுக்கச் சாசனம் தடை சொல்கிறது. சாசனத்தைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் அந்தத் தடை நீங்கியதாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட வழி.

9. 'தடுக்கும் மூன்றில் ஒரு பங்கு'ன்னா என்ன?

அமைச்சரவைக்குள் இருக்கும் பூட்டு அது. 65-வது பிரிவுப்படி போர், நெருக்கடி நிலை, பட்ஜெட், வெளிநாட்டு ஒப்பந்தம், தேர்தல் சட்டம், உயர் அதிகாரிகள் நியமனம் போன்றவற்றுக்கு மொத்த அமைச்சர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 69-வது பிரிவுப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமைச்சர்கள் விலகினால் அரசே ராஜினாமா செய்ததாக அர்த்தம். 30 பேர் கொண்ட அமைச்சரவையில் 11 பேரைக் கையில் வைத்திருப்பவர் முடிவுகளைத் தடுக்கலாம், வேண்டியபோது அரசையும் கவிழ்க்கலாம்.

2008 மே மாதம் பெய்ரூட் தெருக்களில் ஆயுத மோதல் நடந்தபின் கத்தாரின் தோஹாவில் செய்த சமரசத்தில் பங்கீடு 16, 11, 3: பெரும்பான்மைக்கு 16, ஆயுதம் ஏந்திய ஷியா கட்சியான ஹிஸ்புல்லா அடங்கிய எதிரணிக்கு 11, ஜனாதிபதிக்கு 3. அடுத்து வந்த சாத் ஹரீரி அரசில் எதிரணிக்கு 10 பேர்தான் என்று சமாளித்தார்கள். 2011 ஜனவரி 12-ல், ஹரீரி வாஷிங்டனில் ஒபாமாவைச் சந்தித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த 10 பேரும் ஜனாதிபதி பங்கில் வந்த ஒருவரும் விலகினார்கள். 11 ஆகிவிட்டது, அரசு போனது. லெபனானில் புது அமைச்சரவைப் பட்டியல் வந்தால் பெயர்களைப் பார்ப்பதற்குமுன் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

10. நிதி அமைச்சர் பதவிக்கு ஏன் இவ்வளவு அடிபிடி?

கையெழுத்துக்காக. அரசாணைகளில் ஜனாதிபதி, பிரதமர், சம்பந்தப்பட்ட அமைச்சர் கையெழுத்திட வேண்டும். பணம் சம்பந்தப்பட்டால் நிதி அமைச்சரும். முதல் இரண்டு பேர் மரோனைட், சுன்னி. நிர்வாகத்தில் மூன்றாவது கையெழுத்து எங்களுடையதாக இருக்கட்டும் என்பது இரு பெரிய ஷியா கட்சிகளான அமல், ஹிஸ்புல்லா ஆகியவற்றின் வாதம். தாயிஃப் பேச்சுவார்த்தையிலேயே இது பேசி முடிவானது என்று அவர்கள் சொல்கிறார்கள். ஒப்பந்த வாசகத்தில் இல்லை.

2020 ஆகஸ்ட் துறைமுக வெடிப்புக்குப் பிறகு பிரதமராக அழைக்கப்பட்ட முஸ்தபா அதீப் இந்த ஒரு துறையில் முட்டிக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகாமல் விலகினார். முழு அதிகாரம் கொண்ட அமைச்சரவை அமைய 2021 செப்டம்பர் ஆயிற்று. பணத்தின் மதிப்பு கரைந்துகொண்டிருந்த 13 மாதங்கள் அவை. அமைச்சரவை அமைக்க அழைக்கப்பட்டவருக்குக் கெடு எதையும் சாசனம் வைக்கவில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

11. ஒரு பிரிவு அமைச்சர்கள் மொத்தமா வெளிநடப்பு செஞ்சா, மிச்சப் பேர் ஆட்சி நடத்தலாமா?

எண்ணிக்கைப்படி நடத்தலாம், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்றால் அரசு கவிழாது. ஆனால் முகவுரையின் கடைசி வரி, சேர்ந்து வாழும் உடன்பாட்டுக்கு எதிரான எந்த அதிகாரமும் செல்லாது என்கிறது. 2006 நவம்பரில் ஷியா அமைச்சர்கள் ஐவரும், அவர்களுக்குப்பின் இன்னொருவரும் விலகினார்கள். பிரதமர் சினியோராவின் அரசு தொடர்ந்தது. ஒரு பெரிய பிரிவே இல்லாத அரசு செல்லாது என்று எதிரணி சொல்ல, சபாநாயகர் நாடாளுமன்றத்தைக் கூட்டவே மறுத்தார். அந்த இழுபறி 2008 மே வரை நீண்டு, 9-வது பதிலில் சொன்ன தோஹாவில் முடிந்தது.

12. அரசு வேலையிலயும் மதம் பார்ப்பாங்களா?

சட்டப்படி மேல்மட்டத்தில் மட்டும். 95-வது பிரிவு, முதல்நிலைப் பதவிகள் கிறிஸ்தவர் முஸ்லிம் என்று சரிபாதி, எந்தப் பதவியும் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லை, மற்ற வேலைகளுக்குத் தகுதிதான் என்கிறது. நடைமுறையோ வேறு. ராணுவத் தளபதியும் மத்திய வங்கி ஆளுநரும் மரோனைட், உள்நாட்டுப் பாதுகாப்புப் படைத் தலைவர் சுன்னி, பொதுப் பாதுகாப்பு இயக்குநர் ஷியா, ராணுவத் தலைமை அலுவலர் துரூஸ்.

கீழ்மட்டத்திலும் தப்பவில்லை. வனக் காவலர் தேர்வில் தேறியவர்களில் முஸ்லிம்கள் அதிகம் என்பதால் அவர்களுக்கு நியமன ஆணையே வராமல் நின்றது. 2019-ல் இந்தத் தகராறு பட்ஜெட் சட்டம்வரை போயிற்று. மின் நிலையத்திலும் இதே கதை. வடக்கே தெய்ர் அம்மாரிலும் தெற்கே ஸஹ்ரானியிலும் நிலையங்கள் இருக்க, கிறிஸ்தவர் பகுதியான ஸலாத்தாவிலும் ஒன்று வேண்டும் என்று 2020-ல் அமைச்சரவையில் வாக்குவாதம். மூன்றாவது நிலையம் வரவில்லை. இருட்டு மட்டும் பாகுபாடு இல்லாமல் எல்லாப் பிரிவுக்கும் கிடைத்தது.

13. எனக்கு எந்த மதமும் வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா?

2009-லிருந்து குடும்பப் பதிவேட்டில் பிரிவை நீக்கிக்கொள்ளலாம். நீக்கிய பிறகுதான் தொல்லை தொடங்கும். 128 இடங்களிலும் ஒரு பிரிவின் பெயர் ஒட்டியிருப்பதால், தேர்தலில் எந்த இடத்துக்கு நிற்பது? திருமணம், விவாகரத்து, பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் அந்தந்த மத நீதிமன்றத்தின் கையில். இதற்கு 15 தனித்தனிச் சட்டங்கள். எல்லோருக்கும் பொதுவான பதிவுத் திருமணச் சட்டம் இல்லை. வேண்டுபவர்கள் பக்கத்தில் சைப்ரஸ் போய்த் திருமணம் செய்துகொண்டு திரும்புவார்கள். அதை அரசு பதிவு செய்துகொள்ளும். அரசியல் பங்கீட்டின் வேர் இந்தக் குடும்பச் சட்டத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

14. இந்த ஒதுக்கீடே தற்காலிகம்னு சொன்னாங்களே, ஏன் இன்னும் ஒழிக்கலை?

1926 சாசனத்திலேயே தற்காலிகம் என்றுதான் இருந்தது. தாயிஃப் அதற்கு வழியும் சொன்னது: சரிபாதியாகத் தேர்வாகும் முதல் நாடாளுமன்றம், ஜனாதிபதி தலைமையில் ஒரு தேசியக் குழுவை அமைத்துப் படிப்படியாக ஒழிக்க வேண்டும். மதச்சார்பற்ற முறையில் முதல் நாடாளுமன்றம் அமைந்ததும், மதப் பிரிவுகளுக்கென ஒரு மேலவை வர வேண்டும். பெரிய விஷயங்களில் மட்டும் அதற்கு அதிகாரம். சரிபாதியாகத் தேர்வான முதல் நாடாளுமன்றம் 1992-ல் வந்தது. குழு வரவில்லை. மேலவையும் வரவில்லை.

தலைவர்களின் சுயநலம் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சமும் பொய்யல்ல. ஒதுக்கீடு போனால் தலைக்கணக்கில் மூழ்கிவிடுவோம் என்று கிறிஸ்தவர்கள் நினைக்கிறார்கள்; தாயிஃப் மற்ற ஆயுதக் குழுக்களைக் கலைத்தபோது, இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை எதிர்க்கிறோம் என்ற காரணத்தில் ஹிஸ்புல்லா ஆயுதத்தை வைத்துக்கொண்டதால், ஒதுக்கீடு போய் ஆயுதம் மட்டும் மிஞ்சுமோ என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். 2019 அக்டோபரில் தெருவுக்கு வந்தவர்கள் "எல்லாரும் என்றால் எல்லாரும்தான்" என்று எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் சேர்த்தே போகச் சொன்னார்கள். அன்றைய பிரதமர் விலகினார், முறை அப்படியே இருந்தது.

15. ஜி.ஜி. பொன்னம்பலம் இலங்கையில கேட்ட ஐம்பதுக்கு ஐம்பதும் இதுவும் ஒண்ணுதானா?

தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. 1940-களில் இலங்கைத் தமிழர் தலைவரான அவர் கேட்டது, நாடாளுமன்றத்தில் பாதி இடம் சிங்களவருக்கு, மறுபாதி எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931-ல் வந்த சாசனம் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது. அடுத்து வந்த சோல்பரி ஆணைக்குழு ஐம்பதுக்கு ஐம்பதை ஏற்கவில்லை.

வித்தியாசம் இதுதான்: லெபனானில் எந்த ஒரு பிரிவும் தனியாகப் பெரும்பான்மை இல்லை, எல்லோரும் சிறுபான்மை. அதனால் சரிபாதி என்பது யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியாது. தெளிவான பெரும்பான்மை உள்ள நாட்டில் அதே கோரிக்கை, பெரும்பான்மையிடமிருந்து பறிப்பதாகப் படுகிறது.

16. கிறிஸ்தவங்க இப்போ பாதிகூட இல்லையாமே, அப்புறம் 64 எப்படி நிலைக்குது?

கணக்கெடுப்பு இல்லாவிட்டாலும் வாக்காளர் பட்டியலில் பிரிவு பதிவாகியிருக்கிறது. அதில் கிறிஸ்தவர் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சரிபாதியில் கைவைத்தால் அடுத்து வரப்போவது முப்பங்கு என்ற பயம் சுன்னிகளுக்கும் உண்டு: கிறிஸ்தவர், சுன்னி, ஷியா என்று ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்படி வந்தால் இன்று முஸ்லிம் பாதிக்குள் ஷியாக்களோடு சமமாக 27 வைத்திருக்கும் சுன்னிகளுக்குக் கணக்கில் நஷ்டமில்லை. ஆனால் எந்த இருவர் சேர்ந்தாலும் மூன்றாமவரை ஓரங்கட்டலாம். இப்போதோ கிறிஸ்தவப் பாதியில்லாமல் யாருக்கும் பெரும்பான்மை கிடையாது. கிறிஸ்தவர்களோ தங்களுக்குள்ளேயே பிளவுபட்டு இரு பக்கமும் நிற்கிறார்கள். அதனால் முப்பங்கை எந்தப் பெரிய கட்சியும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. கேட்பதாக எதிராளி மேல் பழி போடுவதோடு சரி.